இல. 14, மேல்கணக்கு

மாதம் முந்நூறு ரூபாய்.
பிரித்துக் கொடுத்தால் இருநூறு.
போத்தல், டின், யோகட் கப் எல்லாம் கழுவிக் காயவைத்து
மூன்று கிலோ சேர்த்தால் அந்த மாதம் இலவசம்.
பச்சைத் தாளில் நோட்டீஸ் அடித்த பிரதேச சபை
கையில் பில் புத்தகமும்
கழுத்தில் தற்காலிக ஊழியர் அட்டையும் தந்து
என்னை அனுப்பியது.

கடைவீதி சுலபம்.
ரொட்டிக்கடை, அடகுக்கடை, பாமசி,
ஆளுக்கோர் இலக்கம், ஆளுக்கொரு முறைப்பு.
"டிரக்டர் வராத கிழமைக்கும் காசா?" என்று கேட்டு
மழையில் ஊறிய பெட்டிகளைக் காலால் தள்ளினார் ஒரு முதலாளி.
நியாயமான கேள்வி.
நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

மேல்கணக்கு லயத்துக்கு டிரக்டர் ஏறாது.
விமலசேன வளைவில் நிறுத்தி ஹோர்ன் அடிப்பான்,
சனம் சாக்கோடு இறங்கி வரவேண்டும்.
நான் ஏறிப் போனேன்,
கழுத்தில் ஓர் அட்டை, காலில் இரண்டு அட்டை.

முதலில் தட்டிய கதவு.
பெயர்: பவளக்கொடி.
தொகை: முந்நூறு.
முகவரி?
"தோட்டத்து பேரப் போடுங்க.
கடுதாசி எல்லாம் ஆபிசுக்குத்தான் வரும்,
அவங்க குடுக்கிறப்ப குடுப்பாங்க."

இருபத்துநாலு காம்பிரா,
ஒரே ஒரு விலாசம்.
கோடு காலியாய்ப் போனால்
கணக்காய்வுக்காரர் புத்தகத்தையே திருப்பிவிடுவார்.
அதனால் எண்ணினேன்,
பீலிக்கரைப் பக்கமிருந்து.
ஏழில் நாய்.
பத்தில் பூட்டு, கொழும்புக்குப் போய்விட்டார்கள்.
எண்ண எண்ண ஒரு பையன்
கரித்துண்டால் கதவுகளில் எழுதிக்கொண்டே வந்தான்.

இல. 14, மேல்கணக்கு லயம், ஆனைக்கல் தோட்டம்.
பவளக்கொடி துண்டை இரண்டு தரம் வாசித்தாள்.
மடித்து அரிசி டின்னுக்குள் வைத்தாள்.

எப்படிப் பிரிப்பது என்று
இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனதை
இப்போது நினைத்தாலும் கூசுகிறது.
முத்தலை விட்டுக் கொழுந்தைக் கிள்ளும் விரல்கள்.
அடுத்த மாதம்
பால்மா பக்கற் தனி, ஷெம்பு பக்கற் தனி,
போத்தல் தனி, மூடி தனி,
மூடியின் கீழே உடைந்து நிற்குமே வளையம், அதுவும் தனி.

தராசுக்காரன் கொக்கியில் மாட்டினான்.
"ஈரம். அரைக்கிலோ கழிக்கணும்."

சத்தமில்லை.
பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்:
"அங்க கொழுந்துல கழிக்கிறான்,
இங்க குப்பையிலயுமா?"
வளைவு வரைக்கும் உருண்டது சிரிப்பு.
கழிக்காமல் எழுதினேன்.

பவளக்கொடிக்கு மூன்று கிலோ முந்நூறு.
"இந்த மாசம் உங்களுக்கு இலவசம், அக்கா,"
பரிசு கொடுக்கிறவள் மாதிரிச் சொன்னேன்.

"அப்ப துண்டு?"

காசு இல்லையென்றால் துண்டு இல்லை.

அவள் சட்டைக்குள்ளிருந்து நோட்டுகளை எடுத்தாள்.
"போத்தல வச்சுக்குங்க. காச வாங்கிட்டு எழுதுங்க.
புள்ளைக்குப் புத்தகம் தொறக்க பேங்குக்குப் போனேன்.
வீட்டு விலாசம் போட்ட பில்லு இருக்கான்னாங்க.
கரண்டு தோட்டத்து பேர்ல. தண்ணி, பீலியில.
இதத்தான் நீட்டினேன்.
இன்னும் ரெண்டு மாசத்து துண்டு கொண்டாங்கன்னாங்க."

வரிசை கேட்டுக்கொண்டிருந்தது.
பதினாறாம் வீடு
சாக்கின் வாயைத் திரும்பக் கட்டியது.
மூன்றாம் வீடு, வருசத்துக்கும் சேர்த்துக் கட்டலாமா என்றது.

சபையின் மாத அறிக்கையில்
மேல்கணக்கு: ஊக்குவிப்புத் திட்டம் வெற்றியளிக்கவில்லை,
மக்களுக்கு விழிப்புணர்வு போதாது.
வசூல், நூற்றுக்கு நூறு.
இரண்டு வரியையும் தட்டச்சு செய்தவள் நான்தான்.

போன கிழமை ஏறினேன்.
கரி மழையில் கரைந்திருக்கும் என்று நினைத்தேன்.
எல்லாக் கதவிலும் நீலப் பெயின்ட்.
எடைக்கு ஒதுக்கிய பழைய டின்னின் அடியில்
மிஞ்சிக் கிடந்ததாம்.
பத்தாம் வீட்டுப் பூட்டுக்கு மேலே 10.
ஏழாம் வீட்டு வாசலில்
நாய் படுக்கும் தகரத்தில், கொஞ்சம் சாய்ந்து,
7/1.